நாலு விரற்கடை

லுகேஷின் அப்பா ஓட்டும் குலை லோரியிலிருந்து
கழித்துப்போட்ட மஞ்சள் வார் இரண்டு.
பி.வி.சி. குழாயைச் சாண் அளவு வெட்டி
சைக்கிள் டியூப் சுற்றினால் கைப்பிடி.
கடையில் இதற்குப் பெயர் வேறு, விலை நானூறு ரிங்கிட்.
பகாவில் அந்தக் கடையே இல்லை.

முதலில் கோல் கம்பத்தில்தான் கட்டினோம்.
மூன்றாம் நாள் யுவனேஷ் சாய்ந்து இழுக்க,
துருவேறிய குறுக்குக் கம்பி
முனகி, வளைந்து,
அவனை அப்படியே புல்லில் உட்கார வைத்தது.
பிறகு கிராணியிடம் கெஞ்சிச் சாவி வாங்கினோம்,
செம்பனைக் குலை நிறுக்கும் கொட்டகைக்கு.
மாலை ஐந்துக்கு மேல்
விட்டத்துக் கொக்கிக்கு வேலை இல்லை.

பகலெல்லாம் பழம் தொங்கிய இடத்தில்
நாங்கள் தொங்கினோம்.

இரும்பு தூக்க வேண்டியதில்லை. எடை நீதான்.
கொக்கிக்கு நேர்கீழே காலை நகர்த்து, பாரம் கூடும்.
பின்னால் எடு, குறையும்.
யாரும் பார்க்காதபோது அரையடி பின்னால் எடுத்தவர்கள் உண்டு,
நான் உட்பட.
ஒரு பாதம் வாரில், மறுகாலில் குந்தி எழ,
பதினைந்து பேரும் ஈன்ற மறுநிமிட ஆட்டுக்குட்டியாய் நடுங்கினோம்.
இரண்டு பாதமும் வாரில், உள்ளங்கை சிமெண்டில்,
இடுப்பு தொய்யாமல் முப்பது விநாடி.
வயிற்றுக்குள் இத்தனை கயிறு இருப்பது
அன்றுதான் தெரிந்தது.
ஹைக்கல் சிரித்தான். சிரித்ததும் விழுந்தான்.

நான் மாற்று ஆட்டக்காரன்,
ஆகவே நோட்டுப்புத்தகம் என்னிடம்.
கணக்குப் பாடத்தின் பின்பக்கத்தில்
முப்பது மீட்டர் ஓட்டம், கைப்பேசிக் கடிகாரத்தில்.
சுண்ணக்கட்டி தடவிய விரலால்
எகிறிச் சுவரில் தொட்ட உயரம்.
செவ்வாய், வியாழன், சனி. எட்டு வாரம்.
நடுவே மழை, பரீட்சை, லுகேஷின் அக்காள் கல்யாணம்.
அதையும் எழுதினேன்.

ஓட்டத்தில் பெரிதாய் ஒன்றுமில்லை.
குறைந்த இம்மியும் என் கட்டைவிரல் அவசரமாய் இருக்கலாம்.
சுவர் மட்டும் வேறு சொன்னது.
எல்லார் வெள்ளைத் தடமும் மேலே போயிருந்தது.
எனக்கு மூன்று சென்டிமீட்டர்.
திலகேஷுக்கு ஏழு.
அவன் தடம் உச்சியில், தனியாய்,
பல்லி நடமாடும் இடத்தில்.

மாவட்டப் போட்டிக்குப் பாரம் வந்தது.
பெயர். பிறந்த தேதி. அடையாள அட்டை எண்.
மூன்றாவது கட்டத்தில் என் பேனா நின்றது.
திலகேஷுக்கு அட்டை இல்லை.
பிறந்த பத்திரம் இருக்கிறது,
அதில் குடிமகன் அல்ல என்று இருக்கிறது.
பதிவு அலுவலகத்தில் அடுத்த மாதம் வரச் சொல்வார்கள்.
ஒன்பது வருஷமாய் அடுத்த மாதம்.

அவன் எதுவும் பேசவில்லை.
வாரை ஒரு பிடி குறைத்தான்,
பாதம் தரையை விட்டதும் எண்ண ஆரம்பித்தான்.
நாங்கள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை
அந்தரத்திலேயே எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் இடத்தில் என் பெயர்.
நானே எழுதினேன்,
நோட்டு என்னிடம்தானே.

ஜெம்போல் திடல். இரண்டாம் பாதி. ஒன்றுக்கு ஒன்று.
மூலையிலிருந்து யுவனேஷ் உதைத்தது வளைந்து வந்தது.
எகிறினேன். நிஜமாகவே எகிறினேன்.
கெண்டைக்கால், இடுப்பு, அடிவயிறு,
எல்லாம் ஒரே கயிறாய்.
எட்டு வாரம் முன்னால்
அந்த உயரத்தில் நான் இருந்ததே இல்லை.
பந்து அதற்கும் மேலே போனது.

எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
கொட்டகைச் சுவரில்
என் தடத்துக்கும் அவன் தடத்துக்கும் நடுவே
கையை வைத்துப் பார்த்தவன் நான்.

இரண்டுக்கு ஒன்று, தோற்றோம்.
திரும்பும் வேனில் யாரும் பேசவில்லை.
திலகேஷ்தான், சன்னல் பக்கம் பார்த்தபடி,
செவ்வாய்க்கிழமைக்குச் சாவி யாரிடம் என்று கேட்டான்.